அடுப்பு கீழே நின்ற சனிக்கிழமை

அன்று இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவளுடைய தமையன். களஞ்சியத்தில் என்னோடு சுமை தூக்கும் எஸ்தோனியன். வேறு ஒருவரும் இல்லை. தொடக்கத்தில் இல்லை.

நோர்வேயில், அம்மருட்டில் வீடு வாங்கியிருந்தோம். மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுது. முன்பு வாடகைக்கு இருந்த இரண்டு வீட்டுக்கும் நேரம் பார்க்காமல் குடிபோனோம். இரண்டிலிருந்தும் எழுப்பிவிட்டார்கள். இந்த முறை இராகுகாலம் தொடங்குமுன், ஒன்பது மணிக்குள், புது அடுப்பில் பால் பொங்க வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருந்தது. அது போதும்.

மின் அடுப்பு வான் வண்டியில் வந்தது. பாரம். இரண்டு பேர் வேண்டும்.

எஸ்தோனியன் ஒரு காலத்தில் தன் நாட்டில் உதைபந்தாட்டக் கோல் காப்பாளன். விளையாட்டை விட்ட பிறகு, ஆட்கள் எறிவதைப் பிடித்து வீடியோ போடத் தொடங்கினான். தோடம்பழம், முட்டைக்கோவா, சப்பாத்து. எதைப் பிடித்தாலும் முகம் மாறாது. அதற்காகவே சனம் பார்க்கிறது. நான் அவனைக் கூப்பிட்டது முதுகுக்காக. நல்ல முதுகு.

அடுப்பை இறக்கி நடைபாதையில் வைத்தோம். முதலாம் மாடிப் பல்கனியில் நின்ற ஒரு பெண் அவனை அடையாளம் கண்டாள். பந்து ஒன்றை எறிந்தாள். பிடித்தான். பக்கத்துப் பல்கனியிலிருந்து செருப்பு வந்தது. பிடித்தான். பிறகு பூக்கோவா.

தூக்குவோம் என்று அவனுக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னேன். இது ஒன்று மட்டும் என்றான். வருவதை விழவிட அவனால் முடியாது. பல்கனிகள் நிறைந்தன.

மச்சான் சற்றுப் பின்னுக்குப் போய் நின்று போனில் படம் பிடித்தார்.

"மச்சான், ஒரு பக்கம் பிடியுங்கோ."

"எனக்கு இடுப்பு ஏலாது எண்டு தெரியுந்தானே. நீ கொஞ்சம் விலகு. அவன்ரை கால் மறையுது."

"ராகுகாலம் வரப்போகுது."

"அது இஞ்சத்தை ரெயில் மாதிரி. பிந்தித்தான் வரும்."

நான் ஒரு முனையை மட்டும் தூக்கிப் பிடித்தேன். தூக்கினால் வருவான் என்று நினைத்தேன். வரவில்லை.

மேலே மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, அடுப்பு எங்கை?"

"கீழை."

"கீழை எண்டு தெரியுது. மேலை எப்ப வரும்?" தமையனைக் கண்டாள். "அண்ணை, படமோ எடுக்கிறியள்? இது உங்கடை தங்கச்சியின்ரை வீடு."

"முடிஞ்சுது, முடிஞ்சுது" என்றார். முடியவில்லை.

அவள் கையில் அகப்பை இருந்தது. தமையனைப் பார்த்து எறிந்தாள். எஸ்தோனியன் பாய்ந்து பிடித்தான். கட்டிடம் முழுக்கக் கைதட்டியது.

அவன் மேலே பார்த்தான். அவள் முகத்தைக் கண்டதும் அகப்பையைப் பையில் செருகிக்கொண்டு மறுமுனையைத் தூக்கினான். மாடிப்படியில் ஏறினோம்.

அடுப்பை வைத்தபோது ஒன்பது தாண்டியிருந்தது. மனைவி அதைப் போடவில்லை. பத்தரைக்கு இராகுகாலம் முடியும் வரை பால் பானையை மடியில் வைத்துக்கொண்டு வெறும் நிலத்தில் இருந்தாள். பிறகு காய்ச்சினாள். பொங்கியபோது அவள் பார்க்கவில்லை.

பின்னேரம், எஸ்தோனியனின் பக்கத்தில் ஏறிவிட்ட வீடியோவை மச்சான் கொண்டுவந்து காட்டினார். கடைசியில் அகப்பை. பின்னால் நான், அடுப்பின் ஒரு முனையோடு. அந்த ஆள் ஏன் அப்படியே நிற்கிறார் என்று வீடியோவின் கீழே ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்.

"எத்தினை பேர் பாத்திருக்கினம்?" என்று மனைவி கேட்டாள்.

நாற்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.