ஒரே சட்டி ஈயம்

தொண்ணூறுகளில் திருநெல்வேலியில் தடயவியல் ஆய்வாளனாக இருந்தேன். துப்பாக்கி வழக்கென்றால் என் மேசைக்கு வந்துவிடும். குழாய்க்குள் திருகு வரிகள் இருந்தால் அவை குண்டில் கீறலாகப் பதியும். எந்தத் துப்பாக்கி என்று தயங்காமல் சொல்லலாம். நாட்டுத் துப்பாக்கியின் குழாய் உள்ளே வழவழவென்று இருக்கும். அதிலிருந்து வந்த குண்டை எத்தனை நேரம் உருப்பெருக்கியில் வைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டாலும் ஒன்றும் கிடைக்காது.

மணிமுத்தாறு பக்கம் வாழையைப் பன்றி அழிக்கிறதென்று சிலர் வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களில் இருவர் அண்ணன் தம்பி. அண்ணன் புதரைத் தட்டிப் பன்றியைக் கலைத்திருக்கிறார். தம்பியும் பக்கத்துத் தோட்டக்காரரும் அருகருகே நின்று ஒரே நேரத்தில் சுட்டிருக்கிறார்கள். பன்றி தப்பிவிட்டது. அண்ணன் நெஞ்சில் ஒரு குண்டு.

இரண்டு துப்பாக்கிகளும், உடலிலிருந்து எடுத்த குண்டும், இருவர் பையிலும் மிஞ்சிய குண்டுகளும் என்னிடம் வந்தன. குழாய் கைவிட்டாலும் ஈயம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பினேன். ஆளுக்கு ஆள் உருக்குகிற ஈயத்தில் கலப்பு மாறும். இங்கே எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. இதெப்படி என்று எரிச்சலோடு, பொருள்களைக் கொண்டுவந்த காவலரிடம் கேட்டேன்.

"அங்கன அப்படித்தான் சார். ஒரே சட்டியில உருக்கி ஊத்தி, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிடுவாவ. யாரு குண்டு பட்டுதுன்னு தெரிஞ்சா, கறி பங்கு வைக்கையில சண்டை வரும்லா."

சண்டை வராமலிருக்கச் செய்த ஏற்பாடு. 'சொல்ல இயலாது' என்று எழுதி அனுப்பினேன்.

பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டிலும் அதையேதான் சொன்னேன். வெளியே வந்தபோது தம்பியின் வக்கீல் அவர் தோளைத் தட்டி, இனிக் கவலையில்லை என்று சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. தம்பி அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், கோர்ட்டுக்கு வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்க. என் குண்டா?"

"தெரியாதுப்பா. யாராலும் சொல்ல முடியாது."

"நாந்தான்னாலும் சொல்லிருங்க சார். தாங்கிக்கிடுவேன்."

"கேஸ் உனக்குச் சாதகமாத்தான் இருக்கு. நிம்மதியா வீட்டுக்குப் போ."

"வீட்டுக்குத்தான் சார் போவ முடியல. அண்ணன் பொண்டாட்டியும் நானும் ஒரே வீட்டுலதான் இருக்கோம். மைனி சோறு வைக்கையில என் மூஞ்சியவே பாக்காவ. ஒண்ணும் கேக்க மாட்டேங்காவ. ஒருநாள் கேட்டாவன்னா நான் என்னத்தச் சொல்ல?"

தெரியாதென்று சொல்லிவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.