இரண்டு கட்டடங்களுக்கு நடுவே

1974-ஆம் வருஷம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலையில் இருந்தேன். பதினெட்டு வயது அப்போதுதான் முடிந்திருந்தது. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை லீவு போடுவேன். யாராவது கேட்டால் தலைவலிக்கு வைத்தியம் என்பேன். தெருவிலும் அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் நான் போனது மனசுக்கு வைத்தியம் பார்க்க.

பதினாலு வயதில் அது ஆரம்பித்தது. காரணம் என்று எதையும் சொல்லத் தெரியவில்லை. திடீரென்று நெஞ்சு படபடக்கும், கை கால் சில்லிட்டுப் போகும். சாப்பாடு இறங்காது. பிறகு பேச்சே நின்றுவிட்டது. மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் ஒரு கம்பவுண்டர் சொல்லி, அப்பா என்னை வெளியூரில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஊர்ப் பெயர் வேண்டாம். பஸ்ஸில் மூன்று மணி நேரம்.

அங்கே குழந்தைகள் பிரிவில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். யாராவது முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் திறக்காது என்பதை இரண்டாவது தடவையே கண்டுகொண்டார். தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். வெளியே தண்ணீர்த் தொட்டியில் காக்கைகள் வந்து உட்காரும். அவர் அவற்றைப் பார்த்தபடி கேட்பார், நானும் அவற்றைப் பார்த்தபடி சொல்வேன். நாலு வருஷம் அப்படித்தான் பேசினோம். மாத்திரையும் கொடுத்தார். தேறினேன், வேலைக்கும் போனேன். கடைசி ஒரு வருஷம், அப்பா கூலியை விட்டுவிட்டு வர முடியாமல், நான் தனியாகவே போய்வந்தேன்.

பதினெட்டு முடிந்த மாதம் போனபோது, சீட்டு எழுதுகிறவர் என் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “பதினெட்டு ஆயிட்டுதே. இங்க பாக்க மாட்டாங்க. எதிர்க் கட்டடத்துக்குப் போ.” லேடி டாக்டர் அன்றைக்கு லீவு. அவரிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை.

எதிர்க் கட்டடம் இருநூறு அடி தள்ளித்தான் இருந்தது. நீள பெஞ்சு முழுக்கப் பெரிய ஆட்கள். ஒருவர் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மாளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இனி இதுதானா என் இடம் என்று நினைத்தேன்.

என் முறை வந்தது. டாக்டரைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“என்ன செய்யுது?”

நாலு வருஷத்து விஷயத்தை எங்கே தொடங்குவது? எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் இரண்டு முறை கேட்டார். கோபமாகக் கேட்டார் என்று சொல்ல மாட்டேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

“கூட யாரு வந்திருக்கா?”

யாரும் இல்லை என்று தலையாட்டினேன்.

“அடுத்த தடவ பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாம்மா. எதுவும் தெரியாம எப்படி மருந்து எழுதறது?”

பெரியவளாகிவிட்டேன் என்றுதான் என்னை அங்கே அனுப்பினார்கள். அங்கே போனால், பெரியவர்களைக் கூட்டிவரச் சொன்னார்கள். வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். “என்ன சொன்னாங்க?” என்று அம்மா கேட்டார். “நல்லா இருக்குதாம்” என்றேன்.

அடுத்த மூன்று மாதமும் அதே வியாழக்கிழமை கிளம்பிப் போனேன். ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும்தான். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மேடை உண்டு. அதில் உட்கார்ந்து கட்டிப்போன சாதத்தைத் தின்றுவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். உள்ளே போக பயம். வீட்டில் சொல்லவும் பயம். சொன்னால் அப்பா கூலியை விட்டு வரவேண்டும். அந்த ஊரில் என்னைத் தெரிந்த ஒரே ஆளான லேடி டாக்டர் பழைய கட்டடத்துக்குள் இருந்தார். ஆனால் அது குழந்தைகள் இடம், எனக்கு அங்கே இனி அனுமதி இல்லை என்றே நம்பினேன்.

மாத்திரை எப்போதோ தீர்ந்திருந்தது. படபடப்பு திரும்பி வந்தது. பொம்மைக்குக் கண் எழுதினால் பிரஷ் நடுங்கிக் கோடு இழுத்துக்கொள்ளும். ஒரு தட்டு பொம்மை முழுக்க மாறுகண்ணாகப் போன அன்றைக்கு, சூப்பர்வைசர் என்னைப் பேக்கிங் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். பீங்கான் கப்புகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை.

அங்கே எனக்குப் பக்கத்தில் ஒரு அக்கா. முப்பது வயதிருக்கும். யாரோடும் ஒட்ட மாட்டார். கர்வம் பிடித்தவர் என்று எல்லோரும் சொல்வார்கள். என்னோடும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

நாலாவது மாதம், நான் அந்த மேடையில் உட்கார்ந்திருந்தபோது ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து அந்த அக்கா வந்தார். கையில் மாத்திரைப் பொட்டலம். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இரண்டு பேருக்குமே முகம் செத்துப்போயிற்று. ஓடிவிடலாம் என்று எழுந்தேன்.

“உக்காரு,” என்றார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நான் ஆறு வருஷமா வரேன். நீ?”

“அஞ்சாவது வருஷம்க்கா.”

“சீட்டு போட்டுட்டியா?”

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புது டாக்டர் முன்னால் வாய் திறக்காமல் திரும்பியதையும், மூன்று மாதமாக இங்கேயே உட்கார்ந்துவிட்டுப் போவதையும் முதல்முதலாக ஒருவரிடம் சொன்னேன். கப்புக்கு வைக்கோல் சுற்றுகிற மாதிரியே, எந்த உணர்ச்சியும் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒன்னப் பத்தி எழுதி வச்ச காகிதமெல்லாம் எங்க இருக்குது?”

“அந்தக் கட்டடத்துல.”

“அப்ப அத வாங்கிட்டுப் போயி குடுக்கணும். வா.”

குழந்தைகள் பிரிவுக்கு அவரே முன்னால் நடந்தார். சீட்டு எழுதுகிறவர் தடுத்தபோது, “வைத்தியம் பாக்க வரலீங்க, காகிதம் கேக்க வந்திருக்கோம்,” என்றார். பேச்சுச் சத்தம் கேட்டு லேடி டாக்டர் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. எவ்வளவு இளைத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

“நீ அங்க ஒழுங்கா போயிட்டிருக்கேன்னு நெனச்சேம்மா,” என்றார். “போயி சேந்தியான்னு நான் கேட்டிருக்கணும்.”

என் ஃபைலை எடுத்துக்கொண்டு, எங்களோடு அவரே எதிர்க் கட்டடத்துக்கு நடந்து வந்தார். அந்த டாக்டரோடு பத்து நிமிஷம் பேசினார். அறையில் நின்றவர்களை வெளியே போகச் சொன்னார்கள். பிறகு அந்த டாக்டர் ஃபைலைப் பார்த்தபடியே, என்னை நிமிர்ந்து பார்க்காமல், ஒவ்வொன்றாகக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடிந்தது.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் நானும் அக்காவும் ஒன்றாகவே போனோம். ஊரில் பஸ் ஏறும்போது தெரியாதவர்கள் மாதிரி தனித்தனியாக உட்காருவோம். ஊர் தாண்டியதும் நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்காருவேன். நிறையப் பேசமாட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இனி சொல்லப்போவதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள் கொட்டகையில் அக்காவின் முந்தானை முடிச்சிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு விழுந்துவிட்டது. படிக்கத் தெரிந்த ஒருத்தி எடுத்துச் சத்தமாகப் படித்தாள். சாப்பாட்டு நேரத்துக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. பெண்கள் தங்கள் தூக்குகளை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். ஒருத்தி என்னிடம் கேட்டாள்:

“பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குறாங்களாமே. நீ பக்கத்துலயே இருக்கியே, ஒனக்குத் தெரியாதா?”

அக்கா கேட்கிற தூரத்தில்தான் இருந்தார்.

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். சொல்லிவிட்டு, என் தூக்கையும் எடுத்துக்கொண்டு அவர்களோடு போய் உட்கார்ந்தேன்.

அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நினைத்திருந்தால், ‘அவளும் என்கூடத்தான் வரா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. சேத்தியாத்தோப்பில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அடுத்த மாதத்து வியாழக்கிழமை நான் தனியாகப் போனேன். பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் தள்ளியே நின்றேன். அவரே கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.

“தெரியாதுன்னு சொல்லிட்டேன்க்கா,” என்றேன்.

“கேட்டுது,” என்றார். “ஒனக்காவது அங்க வேலை இருக்குதில்ல. பாத்துக்க,” என்றார்.

கோபமா, மன்னிப்பா, தெரியவில்லை. அவர் பேர் கூப்பிட்டதும் எழுந்து போனார். நான் உள்ளே போய்விட்டுத் திரும்பியபோது அவர் இல்லை. பிறகு நாளை மாற்றிக்கொண்டார் போலிருக்கிறது. நான் அவரை மறுபடி பார்க்கவே இல்லை. அடுத்த மாதம் போகிற பஸ்ஸில், ஊர் தாண்டியதும் எழுந்து போய் உட்கார எனக்கு ஒரு இடம் இல்லை.

மூன்று வருஷம் போயிற்று. நான் நன்றாகத் தேறியிருந்தேன். ஒரு வியாழக்கிழமை லேடி டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். என்னைப் போலவே பதினெட்டு ஆன ஒரு பெண், எதிர்க் கட்டடத்துக்குப் போக மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள். “நீ கூடப் போறியா?” என்று கேட்டார். ஃபைலை வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். பாதி தூரத்தில் அந்த அம்மாள் கேட்டார்:

“நீ இங்க நர்சாம்மா?”

தலையாட்டியிருந்தால் போதும். அவருக்கும் நிம்மதி, எனக்கும் கௌரவம்.

“இல்லீங்க. நானும் இங்க வைத்தியம் பாத்துக்கற பொண்ணுதான். எட்டு வருஷமா வரேன்,” என்றேன்.

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு முதல்தடவையாக என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் இன்னும் சிலரை அப்படி அழைத்துப்போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் கூட்டிப்போவேன். அதைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அந்தப் பேக்கிங் கொட்டகை, கேட்டிருக்க வேண்டியவர் அந்த அக்கா என்பது மட்டும் எத்தனை பேரை அழைத்துப்போனாலும் மாறவில்லை.