சத்தமில்லாமல் கரவன் கொழுவும் சோடி

எங்கள் வீட்டில் கரவன் கொழுவுவது எங்கள் ரொம்சோஸ் குடியிருப்பு முழுவதற்கும் கேட்கும். காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற அந்தச் சின்ன வீட்டை நானும் என் கணவர் றஜீவும் பத்து வருடமாகக் காரோடு கொழுவுகிறோம். ஒருநாளும் சண்டையில்லாமல் முடிந்ததில்லை. நான் வலது என்றால் அவர் இடதுக்கு வெட்டுவார். போன வருடம் பக்கத்து நோர்வேக்காரி யன்னலைத் திறந்து, பொலிசைக் கூப்பிடவா என்று கேட்டாள். அவள் பகிடிக்குக் கேட்கவில்லை.

அதனால் எதிர்ப் புளொக்கில் இருக்கும் மேரியம்மாக்காவையும் சூசைரட்ணம் அண்ணையையும் கண்டால் எனக்கு வயிற்றெரிச்சல். அண்ணை காரைப் பின்னுக்கு எடுப்பார். அக்கா கரவனின் மூக்கடியில் நின்று கை காட்டுவார். ஒரு விரல் என்றால் இன்னும் கொஞ்சம், உள்ளங்கை என்றால் நில். இரண்டு பேரும் வாயே திறப்பதில்லை. நாலு நிமிடத்தில் காரின் இரும்புக் குண்டு கரவனின் கிண்ணத்துக்கு நேர்கீழே வந்து நிற்கும். ஓகஸ்டில் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் கடற்கரையில் ஒரு கிழமை காம்ப் போடும். அங்கே இவர்கள் கொழுவுவதைப் பார்க்கவென்றே ஆட்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு வருவார்கள். சோடி என்றால் அப்படி இருக்கவேண்டும் என்று சொல்லித் திரிந்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

என் மகள் கரோலினாவுக்கு செப்டெம்பரில் கலியாணம். அவளும் மாப்பிள்ளை ஜோனாசும் கரவன் வாங்கப் போகிறார்களாம். பார்த்துப் படியுங்கோ என்று, காம்புக்கு வெளிக்கிடும் சனிக்கிழமை காலை இருவரையும் இழுத்துக்கொண்டு போனேன். கார் தரிப்பிடத்தின் மறு முனையில் அண்ணை காரைத் திருப்பிக்கொண்டிருந்தார். அக்கா வழக்கமான இடத்தில் நின்றார். பிள்ளைகள் கரவனின் பின்பக்கத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள்.

"அக்கா, உந்த ரகசியத்தைப் பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுங்கோவன்."

"ரகசியம் ஒண்டுமில்லை மேரின். நாங்கள் கதைக்கிறேல்லை. ஆறு வருசமாச்சு."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"வீட்டிலையும் இப்பிடித்தான். சோறு வைச்சிட்டு மேசையிலை தட்டுவன். அவர் வந்து சாப்பிடுவார்."

ஆறு வருடத்துக்கு முந்திய காம்பின் இரண்டாம் நாள் மன்னாரில் அக்காவின் தங்கச்சி செத்துப்போனாராம். தொலைபேசி அண்ணைக்குத்தான் வந்தது. காம்ப் குழம்பிவிடும் என்று அவர் ஐந்து நாள் வாய் திறக்கவில்லை. அந்த ஐந்து நாளும் அக்கா சமைத்தார், பாட்டுக்குக் கை தட்டினார், படத்துக்குச் சிரித்தார். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அண்ணை சொன்னார். அதற்குள் அங்கே அடக்கமும் முடிந்திருந்தது. அந்தக் காம்பில் அக்காவின் பக்கத்தில் இருந்து கை தட்டியவள் நான்.

"அப்பவே விட்டிட்டுப் போயிருக்கலாமே அக்கா?"

"எங்கை போறது? கோயிலுக்குப் போனால் நீங்கள். கடைக்குப் போனால் நீங்கள். எல்லாரும் நல்ல சோடி, நல்ல சோடி எண்டு சொல்லுறியள். பிறகு என்னெண்டு வாய் திறக்கிறது?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதியோர் இல்லச் சமையலறையில் இருபது வருடம் வேலை செய்து காய்த்துப்போன கைகளை அக்கா பிசைந்துகொண்டு நின்றார்.

"பட்டினத்தின்ரை மற்றப் பக்கம், ஹவுகெட்டோவிலை எனக்கெண்டு ஒரு சின்ன வீடு எடுத்திட்டன். திங்கள் கதவுத் திறப்பைக் கையிலை தருவினம். நான் போய் வாங்காட்டில் வேறை ஆளுக்குக் குடுத்திடுவினம். இண்டைக்கு இதிலை ஏறினால் திரும்பி வர ஒரு கிழமை, மேரின். வீட்டிலை ஆளுக்கொரு அறை. கரவனுக்குள்ளை ஒரு கட்டில்தான். போன வருசம் சுவரோடை ஒட்டிக்கொண்டு படுத்தனான், மூச்சு வரேல்லை. அவருக்கு இன்னும் சொல்லேல்லை. இதுக்கு எந்தக் கையைக் காட்டிறது?"

கார் பின்னுக்கு வரத் தொடங்கியது. அக்காவின் கை தானாக எழுந்தது. ஒரு விரல். இன்னொருமுறை ஒரு விரல். உள்ளங்கை. கார் நின்றது. அக்கா கிண்ணத்தை இறக்கிப் பூட்டி, கரவனைத் தாங்கி நின்ற முன்சில்லைச் சுற்றி உயர்த்தி, வயரைச் செருகினார். விளக்குகள் எரிந்தன. திரும்பி வந்த கரோலினா என் காதுக்குள், "அம்மா, எவ்வளவு வடிவாச் செய்யினம்" என்றாள்.

அண்ணை எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தார். அக்கா தன் பக்கக் கதவுக்குப் போகவில்லை. சுற்றிப் போய் அவருடைய கண்ணாடியில் தட்டினார்.

"இஞ்சாருங்கோ."

அண்ணை திடுக்கிட்டுக் கண்ணாடியை இறக்கினார். ஆறு வருடத்துக்குப் பிறகு தன்னோடு பேசுகிற குரல்.

"நான் வரேல்லை. ஹவுகெட்டோவிலை வீடு எடுத்திருக்கிறன். இனி அங்கைதான் இருக்கப்போறன்."

அண்ணை எங்களைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தார். தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இந்தக் காம்ப் முடியட்டும், மேரியம்மா."

அக்கா கார்க் கதவில் ஒரு கையை வைத்தார். ஏறிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

"ஆறு காம்ப் முடிஞ்சுது" என்றார் அக்கா. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரீ-பான ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தார். வேகமாகவும் நடக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

அண்ணை கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார். "மேரின், காம்பிலை கேப்பினமே. சனத்துக்கு என்ன சொல்லுறது?"

சுகமில்லையாம் என்று சொல்லுவம் அண்ணை என்பது என் வாய்வரை வந்துவிட்டது. அப்படியான பொய்கள் எனக்கு நன்றாக வரும். கரோலினா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்டிட்டுப் போயிட்டா எண்டு சொல்லுங்கோ" என்றேன்.