ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த டிவி

வண்டன்மேட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மூன்றாவது வீடு வேலுத்தாயுடையது. அந்த வீட்டில் மூன்று பேர் குடியிருக்கிறார்கள் என்று லயமே சிரிக்கும்: வேலுத்தாய், அவள் புருஷன் நல்லதம்பி, அப்புறம் டிவிக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை.

கணக்குப்பிள்ளை என்றால் நிஜக் கணக்குப்பிள்ளை இல்லை, செய்தி வாசிக்கிறவர். நல்லதம்பிக்கு அறுபது தாண்டியதும் ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டது. சாப்பிட்டது மறந்தது. கட்டிக்கொடுத்த மகள் மோனிஷாவின் பேர் மறந்தது. தோட்டத்தில் காலையில் கணக்குப்பிள்ளை பேர் கூப்பிடுகிற பெரட்டு மட்டும் மறக்கவில்லை. கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் காகிதம் வைத்துக்கொண்டு, சிரிக்காமல் பேசுகிறவர் கணக்குப்பிள்ளையாகத்தானே இருக்க முடியும்? தினமும் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி டிவி முன்னால் நிற்பார்.

"ஐயா, நல்லதம்பி வந்துருக்கேன். பேரு போட்டுக்கிருங்க."

ஐயாவும் வெள்ளம், வெட்டுக்குத்து, வெங்காய விலை என்று எதையோ சொல்வார். பேர் விழுந்துவிட்ட நிம்மதியில் நல்லதம்பி உட்கார்ந்துவிடுவார். வேலுத்தாய் காய் எடுத்துவிட்டுத் திரும்பும்வரை அசைய மாட்டார். அந்த டிவியை நம்பித்தான் அவள் வேலைக்குப் போனாள்.

அது முதுகு புடைத்த பழைய பிக்சர் டியூப் டிவி. ஆடி மழை பிடித்த ஒரு காலையில் படம் சுருங்கி, ஐயா ஒரே ஒரு வெள்ளைக் கோடாகிப் போனார். குரல் மட்டும் வந்தது.

"ஐயா ஒளிஞ்சுக்கிட்டாரு. எம்மேல என்னமோ கோவம்" என்று நல்லதம்பி அவரைத் தேடிக் கிளம்பிவிட்டார். கம்பம் பக்கம் இறங்குகிற பாறை விளிம்பில், காலெல்லாம் அட்டையோடு, மழையில் நின்றவரைக் காய் எடுக்கிற பெண்கள்தான் பிடித்து வந்தார்கள். இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் தேடல் முடிந்திருக்கும்.

பக்கத்து வீட்டு வனிதா தன் எல்.இ.டி. டிவியைத் தூக்கிவந்து மாட்டிப் பார்த்தாள். நல்லதம்பி அதன் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார்.

"இது வெறும் போட்டோல்ல? இதுக்குள்ள ஐயா எங்கிட்டு உக்காருவாரு?"

வனிதாவுக்குச் சிரிப்பு வந்தது. வேலுத்தாய்க்கு வரவில்லை.

ஜங்ஷனில் மிக்ஸியும் மோட்டாரும் பார்க்கிற சகாயம் வந்தான். பின்மூடியைக் கழற்றி, டியூபின் முதுகில் மிச்சமிருந்த கரண்டைத் திருப்புளியால் 'டப்' என்று இறக்கினான். உள்ளே இருந்த சர்க்யூட் பலகையில் விரிசல் விட்டிருந்த இடங்களையெல்லாம் தேடித் தேடி ஈயம் வைத்தான். படம் விரிந்தது. ஐயா முழுசாக வந்தார். நல்லதம்பி எழுந்து நின்று கும்பிட்டார். ஆனால் பின்னாலிருந்து ஏதோ பாம்பு மாதிரி சீறிக்கொண்டே இருந்தது.

"ஈரம் எறங்கியிருக்குக்கா. இப்படியே ஓட்டுனா செத்துரும். உள்ள ஒரு குண்டு பல்ப எரியவிட்டு மூடி வைங்க. சூடு காட்டுனாச் சரியாயிரும்."

பல்பு என்றதையும் வேலுத்தாய் கேட்டாள், சூடு என்றதையும் கேட்டாள். மழைக்காலத்தில் அந்த மலையில் தானாகக் காய்கிற பொருளே கிடையாது. கம்பளி, பள்ளிக்கூடப் பை, ஓடையில் விழுந்த போன் எல்லாம் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில்தான் காயும். அங்கே அடுப்புச் சூடு ஏறினால் பச்சைக்காயே கலகலக்கும். குண்டு பல்பு எந்த மூலைக்கு?

ஸ்டோர்க்காரன் ஜோஜோ தலையில் கைவைத்தான். "என்ட சேச்சி, இது டிவியல்லே! ஏலக்காயா?"

"ரெண்டுக்கும் ஈரந்தானப்பா. ஓரமா வச்சுக்கிறேன், உன் காய்க்கு எடஞ்சல் வராது."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஜோஜோ கதவைத் திறந்தான். டிவி ஒரு லோடு காயோடு சேர்ந்து வெந்தது. சுடச்சுட எடுத்து, சாக்கைப் போர்த்தி, தலையில் வைத்து வெளியே வந்தாள். மழை சாய்வாக அடித்தது. நனைந்த சாக்கு டிவியின் முதுகோடு ஒட்டியது. பாதி வழியில் உள்ளே 'டிக்' என்று சின்னச் சத்தம். ஏலக்காய் எதுவும் உள்ளே மாட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சுவிட்சைப் போட்டதும் வாசம்தான் வந்தது. அவ்வளவு மணமான டிவி அந்த ஜில்லாவிலேயே இருந்திருக்காது.

சகாயம் டார்ச் அடித்துப் பார்த்தான். டியூபின் கழுத்தில் வெள்ளிபோல மின்னுகிற திட்டு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

"காத்து உள்ள போயிருச்சுக்கா. அம்புட்டுத்தான்."

மனுஷனுக்குக் காற்று வெளியே போனால் சாவு. இந்தப் பெட்டிக்கு உள்ளே போனால் சாவு.

"ஒட்ட முடியாதாப்பா?"

"ஒட்டிரலாம். உள்ள போன காத்த யாரு எடுக்குறது?" வேறு டியூபுக்குக் கட்டப்பனையிலும் கம்பத்திலும் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். எல்லாம் உடைத்துப் பழைய சாமான் எடுக்கிற ஆக்கருக்குப் போய்விட்டது. கிளம்பும்போது மட்டும், "பல்புன்னுதானக்கா சொன்னேன்" என்றான்.

அவள் வேலைக்குப் போய் ஒரு வாரமாகிவிட்டது. நாளைக்கும் வராவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆள் என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பியிருந்தார்.

விடிந்ததும் நல்லதம்பி துண்டைக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் நின்றார். இருண்ட கண்ணாடியில் ஒரு கிழவன் தெரிந்தான்.

"நீயும் பேரு போடத்தான் வந்தியா? இரு, நான் போயி ஐயாவத் தேடிட்டு வாரேன்" என்று வாசலுக்கு நடந்தார்.

வேலுத்தாய் குறுக்கே நின்றாள். கையில் பூட்டு இருந்தது. ஒருமுறை பூட்டிவிட்டுப் போனபோது கதவில் முட்டி நெற்றியை உடைத்துக்கொண்டவர் அவர். பூட்டைக் கீழே வைத்தாள்.

"இந்தாருங்க. இனிமே போக வேண்டாம். உங்க பேர வெட்டிட்டாங்க."

"யாரு? ஐயாவா?"

"ஆமா."

"நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

வேலுத்தாய் காய் வாளியை எடுத்துக்கொண்டு வேகமாக இறங்கிவிட்டாள்.

சாயங்காலம் திரும்பியபோது கதவு திறந்தே கிடந்தது. நல்லதம்பி எங்கும் போகவில்லை. வைத்த இடத்திலேயே கட்டஞ்சாயா ஆறிக் கிடந்தது. இடுப்புத் துண்டு அவிழ்த்து மடித்து மடியில் இருந்தது. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஏ வேலு, உம் பேராச்சும் இருக்கா?"