‘வாங்க’ சொல்லாதவள்

ஒருவர் எழுதிய கதையை இன்னொருவர் டிவிக்கு எடுத்தால் சில மாற்றங்கள் வரும் என்பது எனக்குத் தெரியும். வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். என் வரைவுகளை மேலதிகாரிகள் திருத்தாத நாள் கிடையாது. ஆனால் மனு கொடுத்தவனைக் குற்றவாளியாக்கி, குற்றவாளியை மனுதாரராக்கித் தட்டச்சு செய்து அனுப்பினால் அதற்குத் திருத்தம் என்று எந்தக் கையேட்டிலும் பெயர் இல்லை. எண்பதுகளின் கடைசியில் பதின்மூன்று வாரம் ஓடிய ஒரு ரத்தக் காட்டேரி நாடகம் அதைத்தான் செய்தது. என் அக்காவின் வேலைக்கே அது உலை வைக்கப் பார்த்தது. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. தீர வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

மூலக்கதை எழுபதுகளின் நடுவில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நாவல்கள், மூன்றிலும் அதே ஆட்கள். ஊரின் பெரிய பண்ணைக்காரர்தான் காட்டேரி. சலவை வேட்டி, சந்தனப் பொட்டு, குரலை உயர்த்தாத பேச்சு. பொழுது சாய்ந்ததும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்பார். அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் வாய் திறந்து ‘வாங்க’ என்று கேட்கிறாரோ அவருடைய ரத்தத்தை மட்டுமே குடிக்க முடியும்.

எங்கள் சீமைக்கு இதைவிடப் பொருத்தமான காட்டேரி கிடையாது. வாசலுக்கு வந்தவர் பங்காளியோ பகையாளியோ, ‘வாங்க’ என்று கேட்காமல் விட்டால் அந்தக் குறையைப் பேரன் கல்யாணத்தில்கூடச் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் கதையில் ஊரே மரியாதையாக அவரை ‘வாங்க’ கேட்டு, மரியாதையாக வெளுத்துச் செத்துப்போகிறது. தப்பியவள் ஒருத்திதான். பண்ணைக்காரரின் பக்கத்து வீட்டு விதவை. வருகிறவர்கள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று சமையல்கட்டில் ஒதுக்கி வைக்கப்பட்டவள். யாரையும் ‘வாங்க’ கேட்கும் உரிமை அவளுக்கு இல்லை. ஆகவே பண்ணைக்காரரால் அவளைத் தொட முடியவில்லை. யார் குடிக்கிறார் என்று கதவிடுக்கில் பார்த்து முதலில் கண்டுபிடித்தவளும் அவளே.

என் அக்காவை எருமப்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இருபத்து நான்கு வயதில் வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தாள். எங்கள் ஊர் புதுச்சத்திரத்திலிருந்து மூன்று மைல் உள்ளே. காலையில் அவள் குடத்தோடு எதிரே வந்தால், வெளியூர் கிளம்பியவர்கள் திரும்பிப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். அவள் காதுபடவே செய்வார்கள்.

அவள் எட்டாவது வரை படித்தவள். வெள்ளிக்கிழமை புதுச்சத்திரம் கடைக்குப் பத்திரிகை வரும். சனிக்கிழமை மதியம், களத்தில் கடலைக்காய் உடைக்கும் பெண்களுக்கு அக்கா அந்தத் தொடரை வாசிப்பாள். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது. கடலைக்காயை நசுக்கியபடி பண்ணைக்காரரைக் கூசாமல் திட்டுவார்கள். கடைசி வாரத்தில் அவர் விதவையின் கதவைத் தட்டுகிறார். அவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உள்ளே வாய் திறக்காமல் நிற்கிறாள். விடியும்வரை நின்று, வெயில் ஏறியதும் அவர் வாசலிலேயே கருகிப் போகிறார். அன்றைக்குக் களத்தில் பெண்கள் போட்ட கூச்சலை நான் வீட்டிலிருந்தே கேட்டேன். அதன் பிறகு அவர்களுக்கு அக்கா ‘தாப்பாக்கார அக்கா’. எதிரே வந்தால் நின்று பேசிவிட்டுப் போனார்கள். தொடரின் பக்கங்களைச் சேர்த்து, நாமக்கல்லில் பைண்டு செய்து மூன்று புத்தகமாக டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

எண்பதுகளில் சத்துணவு வந்தது. ஆயா வேலைக்கு விதவைகளுக்கு முன்னுரிமை. விண்ணப்பத்தை நான் நிரப்பினேன்; கணவர் இறப்புச் சான்று, இருப்பிடச் சான்று, இணைப்புகள் எல்லாம் வரிசைப்படி. ஆனால் வேலை கிடைத்தது என் இணைப்புகளால் மட்டுமல்ல. அந்தக் களத்துப் பெண்கள் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு முன்னால் போய், “எங்க புள்ளைங்களுக்குத் தாப்பாக்கார அக்காதாங்க ஆக்கிப் போடோணும்” என்று நின்றார்கள். ஆறேழு வருடம் ஒரு குறையும் இல்லை. மதியம் அடுப்படி வாசலில் நின்று, “வாங்க சாமி, உங்க வாங்க” என்று கூப்பிடுவாள். உண்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். தட்டுகளோடு பிள்ளைகள் ஓடி வரும்.

பிறகு பஞ்சாயத்து ரேடியோ ரூமுக்கு டிவி வந்தது. டிவிக்குப் பின்னால் அந்த நாடகம் வந்தது.

முதல் வாரம் கதையின் பெயரைப் பார்த்ததும் அக்கா எழுந்து நின்று, “நம்ம கதைடி இது!” என்று சொல்லியிருக்கிறாள். பழைய பெண்களை வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தவளும் அவள்தான். மூன்றாவது வாரம் பார்த்தால் பண்ணைக்காரர் இளைஞராகிவிட்டார். வெளிநாட்டில் படித்த டாக்டர், சுருட்டை முடி, குதிரை வேறு. அந்த நடிகரின் முகத்துக்குக் காட்டேரி வேடம் பொருந்தாது என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். முகம் நன்றாக இருப்பவன் ரத்தம் குடிக்க மாட்டான் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. தாலுக்கா ஆபீசில் ஒரு வாரம் உட்கார வைத்திருந்தால் தெளிந்திருப்பார்கள். சரி, அப்படியானால் குடிப்பது யார்? கையருகே ஒரு விதவை இருக்கிறாளே. விரித்த தலை, நீள நகம், வெள்ளைச் சேலை. வாசலில் நின்று போகிற வருகிறவர்களைத் தேன் குரலில் ‘வாங்க’ என்று கூப்பிடுகிறாள். உள்ளே போனவன் திரும்புவதில்லை.

ஐந்தாவது வார நாடகத்துக்கு அடுத்த நாள், “வாங்க சாமி” என்று அக்கா கூப்பிட்டபோது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. இரண்டு நாளில் மையத்துக்குப் பாதித் தட்டுகள் வரவில்லை.

களத்துப் பெண்களில் ஒருத்தி, வாய்த்துடுக்குக்காரி, நேராகவே கேட்டாள்: “ஏனுங்கக்கா, நீங்க அன்னிக்குப் படிச்சது ஒண்ணு, இவங்க காட்டறது ஒண்ணா இருக்குதுங்களே?”

“அவங்க மாத்திப்புட்டாங்கடி.”

“அத்தன பெரிய மிசினு வெச்சிருக்கறவங்க எதுக்குங்க மாத்தோணும்? எழுத்துத் தெரியாத கழுதைங்க நாங்க. எங்களுக்கு நீங்க தோதுக்குப் படிச்சிருந்தா எங்களுக்கு என்ன தெரியும்?”

பக்கத்திலிருந்தவள் சிரித்தாளாம். “வெள்ளச் சேலைக்கு வெள்ளச் சேலை ஒத்தாச, உடு.”

காட்டேரி என்று சொன்னதைக்கூட அக்கா தாங்கிக்கொண்டாள். மாற்றிப் படித்தாள் என்றது அவளைத் தின்றது. அந்தக் கதையை நம்பித்தான் அந்தப் பெண்கள் அவளோடு நின்று பேசினார்கள், அவள் கையில் பிள்ளைகளை விட்டார்கள். அந்த வாசிப்பே பொய் என்றால் அவளுக்கு ஊரில் மிச்சம் என்ன இருக்கிறது?

நான் அப்போது கெங்கவல்லிப் பக்கம் வருவாய் ஆய்வாளர். டிவி நிலையத்துக்கு ஏழு பக்கம் எழுதினேன். பொருள், பார்வை, முதல் இரண்டு நாவல்களின் பக்க எண்களுடன் ஒப்பீடு, கோரும் பரிகாரம் எல்லாம் உண்டு. ஒரு அச்சடித்த கார்டு வந்தது: தங்கள் கருத்து உரியவர்களின் கவனத்துக்கு அனுப்பப்பட்டது. அந்த வாக்கியத்தை என் கையால் எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறேன் என்பதால் அதன் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இதற்குள் யூனியன் ஆபீசுக்கு ஒரு மனு போயிருந்தது. மேற்படி ஆயாவைக் கண்டு குழந்தைகள் உண்ண மறுப்பதாலும், மேற்படியார் பல வருடங்களாகப் பொய்க்கதை வாசித்துப் பெண்களை ஏமாற்றியவர் என்பதாலும் வேறு ஆயா நியமிக்க வேண்டும். கையெழுத்து நான்கு, மற்றதெல்லாம் ரேகை. விசாரிக்க ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது.

“மூணு புத்தகத்தையும் எடு. ஆவணமாகத் தாக்கல் செய்வோம்” என்றேன்.

“மொத ரெண்டு போதுமே தம்பி. யாரு நல்லவ, யாரு கெட்டவன்னு அதுலயே இருக்குதே.”

“ஆவணம் முழுசா இல்லேன்னா சந்தேகம் வரும்க்கா. நீ பேசாம இரு. இது நம்ம வேலை.”

பெட்டியிலிருந்து மூன்றாவதை நானே எடுத்தேன். அவள் கையை நீட்டித் தடுக்க வந்து, பிறகு கையை இறக்கிக்கொண்டாள். அதை நான் கவனித்தேன். கவனித்ததைக் குறிப்பில் ஏற்றவில்லை.

விசாரணை சத்துணவு மையத்திலேயே நடந்தது. அதிகாரி நாற்காலியில், ஊர் தரையில். வாசிப்பவர் மூன்றாம் நபராக இருக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டபடி பள்ளித் தலைமையாசிரியர் வாசித்தார். முதல் புத்தகத்தில் பண்ணைக்காரர் பல்லைக் காட்டும் இடம் வந்ததும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்படியேதான படிச்சாங்க?” என்றாள் ஒருத்தி.

“ஆமா, சந்தனப் பொட்டுக்கூட இருக்குதே” என்றாள் வாய்த்துடுக்குக்காரி, கொஞ்சம் இறங்கிய குரலில்.

அதிகாரி பேனாவை மூடினார். “போதுங்க. புகார்ல ஒண்ணும் இல்ல.”

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். “ஐயா, கடைசி அத்தியாயத்தையும் பதிவு செய்துவிட்டால் பின்னால் ஆட்சேபணைக்கு இடமிருக்காது” என்றேன். நான் அந்தக் கடைசி வாரத்தைப் படித்தவனில்லை. கடலைக்காய்க் களத்துப் பெண்களைப் போல நானும் அக்கா சொல்லித்தான் அறிந்தவன்.

தலைமையாசிரியர் வாசித்தார். பண்ணைக்காரர் கதவைத் தட்டுகிறார். விதவை வெகுநேரம் நிற்கிறாள். பிறந்ததிலிருந்து தன் வீட்டுக்கென்று வந்து நின்ற முதல் ஆள் இவர்தானே என்று நினைக்கிறாள். கதவைத் திறந்து ‘வாங்க’ என்கிறாள். மறுநாள் அவள் சாவுக்குப் பண்ணைக்காரர் குடை பிடித்து வருகிறார். முற்றும்.

தலைமையாசிரியர் புத்தகத்தை மூடினார்.

“அப்ப அந்தத் தாப்பா?” என்றாள் வாய்த்துடுக்குக்காரி. கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அக்கா எழுந்தாள். “இல்ல. நான் போட்டதுதான். ரெண்டு புஸ்தகம் பூராவும் அவ ஒருத்திதான் உசுரோட தப்பிச்சு வந்தா. கடைசியில எழுதுனவன் அவளக் கொன்னு போட்டிருந்தான். உங்க மொகத்தப் பாத்து அத எப்படிடி படிப்பேன்?”

ஆயா வாசிக்கும் கதை அச்சில் உள்ளபடி இருக்க வேண்டும் என்று அரசாணை எதுவும் இல்லை. அதனால் புகார் நிரூபணமாகவில்லை என்று அதிகாரி எழுதிக்கொடுத்தார். வேலை தப்பியது. பசிக்கிற பிள்ளைகள் எத்தனை நாள் பயப்படும்? தட்டுகள் திரும்பி வந்தன. ஆனால் மாற்றிப் படித்தவள் என்பது இப்போது சாட்சிகள் முன்னிலையில் உறுதியாகிவிட்டது. உறுதி செய்து கொடுத்தவன் நான். டிவிக்காரன் அவளைக் காட்டேரியாக்கினான், எழுதியவன் அவளைக் கொன்றான், இருவரிடமும் அவள் தோற்கவில்லை. தம்பியின் நடைமுறையிடம் தோற்றாள்.

“என்னைய ஒரு வார்த்த கேட்டியா?” என்றாள் அன்றைக்கு. அதற்குப் பிறகு பேசவில்லை. சனிக்கிழமைகளில் நான் ஊருக்கு வந்தால் சோறு மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

பதின்மூன்றாவது வாரம் நான் ரேடியோ ரூமுக்குப் போனேன். அக்கா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டே மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுருட்டை முடி டாக்டர் விதவையைப் புளிய மரத்தில் கட்டிக் கொளுத்தினார். பிள்ளைகள் கை தட்டினார்கள், இளவட்டங்கள் விசிலடித்தார்கள். ரூமைப் பூட்டுகிறவர் வந்து டிவியை அணைத்தார்.

அக்கா எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றாள். “எரிச்சுப்புட்டானாமா. உக்காருங்கடி.”

“நேரமாச்சுங்க” என்றார் பூட்டுகிறவர்.

“சாவிய அந்த ஆணியில மாட்டீட்டுப் போ. நான் பூட்டிக்கறேன்.”

“இனி என்னங்கக்கா, கதைதான் முடிஞ்சு போச்சே?” என்றாள் வாய்த்துடுக்குக்காரி.

“அவனுக்கு முடிஞ்சுது. எனக்கு முடியல.”

“இது பொஸ்தகத்துல இருக்குதுங்களா?”

“இல்ல. நாஞ் சொல்றது. அன்னிக்குச் சொல்லாமச் சொன்னேன், இப்பச் சொல்லீட்டே சொல்றேன். கேக்கறவ கேளு. போறவ போ.”

நாலைந்து பேர் எழுந்து போனார்கள். வாய்த்துடுக்குக்காரி பாதி எழுந்தவள், சாக்கை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தாள். “அடுப்புல பருப்பு கெடக்குது. வெரசாச் சொல்லுங்க.”

“அவ எரியல. எரிஞ்சது சேலை” என்று அக்கா ஆரம்பித்தாள். குரலில் அத்தனை கோபம். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். “நீ என்ன பாக்கற? குறிப்பெழுதிக் கொண்டுபோய் யாருக்காச்சும் அனுப்பப் போறயா? உக்காரு, இல்லீன்னா அக்கட்டால போ.”

அவள் என்னிடம் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் சாக்கு தேடாமல் வெறும் தரையிலேயே உட்கார்ந்தேன்.