எக்ஸாஸ்ட் ஃபேனுக்காக ஒரு இங்கிலீஷ் வாக்கியம்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நானும் என் மனைவியும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஒரே ஹாலில் வேலை செய்துகொண்டிருந்தோம். தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கும் மெஷினில் எனக்கு வேலை. எனக்குப் பின்னால் ஒரு நீள மேஜை. அதில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, நான் சீவிக் கொடுத்த ஓரத்தில் சொல்யூஷன் தடவி, மடித்து ஒட்டுவார்கள். அந்த மேஜையில்தான் என் மனைவி.

சொல்யூஷன் என்றால் பசை. டப்பாவைத் திறந்தாலே கண் எரியும், தலை கனக்கும். அந்த வாடை வெளியே போக, மேஜைக்கு மேலே சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. அது நின்றுபோய்ப் பல மாதம் ஆகியிருந்தது. ஓட்டை வழியாகப் புறா வருகிறது என்று யாரோ அட்டைப்பெட்டியைக் கிழித்து அதை அடைத்தும் விட்டார்கள்.

ஒரு நாள் மதியம் என் மனைவி பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே மேஜை மேல் சாய்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து, வராந்தாவில் படுக்க வைத்து, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். "இந்த வாடையிலேயே உக்காந்திருந்தா இப்படித்தான் ஆகும். முதல்ல காத்து வர்ற மாதிரி பண்ணுங்க" என்றார் அவர்.

நான் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். எனக்கு இயல்பிலேயே கூச்சம் அதிகம். அஞ்சாங்கிளாஸோடு படிப்பு நின்றுபோன ஆள். மேனேஜர் ரூமுக்குள் போனால் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவேன். அப்படியும் போய்ச் சொன்னேன். "ஆகட்டும், பார்க்கலாம்" என்றார். மறுபடி போனேன். "ஷிப்மென்ட் முடியட்டும்பா" என்றார். ஒரு ஷிப்மென்ட் முடிந்தால் அடுத்தது வந்து நிற்கும். அது எந்தக் காலத்தில் முடிந்தது?

வேலையை விட்டுவிடு என்று மனைவியிடம் சொன்னேன்.

"நான் எழுந்துட்டா அந்த இடத்துல இன்னொருத்தி உக்காருவா. அவளுக்கு மட்டும் தலை சுத்தாதா?" என்று கேட்டாள்.

அந்த மாதம் வெளிநாட்டிலிருந்து பையர், அதாவது ஷூ வாங்குகிற கம்பெனி ஆள், வரப்போவதாகப் பேச்சு வந்தது. கம்பெனியில் அதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் வருகிற அன்று காலையிலேயே சொல்யூஷன் டப்பாக்களை எல்லாம் குடோனுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஜன்னல்களைத் திறந்து, தரையைக் கழுவி, பெண்களுக்குப் புது மாஸ்க் கொடுத்து, ஒட்டி முடித்ததையே கையில் கொடுத்துச் சரிபார்க்கிற மாதிரி இருக்கச் சொல்வார்கள். வருகிறவர்கள் ஒருநாளும் அந்த வாடையை முகர்ந்ததில்லை. ஏதாவது கேட்டால் "எஸ் சார்" மட்டும் சொல்ல வேண்டும் என்று மேஸ்திரி சொல்லி வைத்திருப்பார்.

இந்தத் தடவை வருகிறவரிடம் நானே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மனைவி சோறு போடும்போது அவளிடம் சொன்னேன். கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"நீங்களா? பஸ்ல சில்லறை பாக்கியே கேக்க மாட்டீங்க."

"கேக்கறேன்."

"நம்ம ரெண்டு பேரையும் சேத்து வேலையை விட்டு அனுப்பிட்டா?"

"அதுக்குத்தான் யோசிக்கறேன். கோபம் வராத மாதிரி கேக்கணும்."

நாங்கள் தினமும் குடியாத்தத்தில் பாசஞ்சர் ரயில் ஏறுவோம். எங்கள் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த அம்மா ஒருவர் காட்பாடியிலிருந்து அதே ரயிலில் வருவார். வெளிநாட்டு போன் எல்லாம் முதலில் அவர் காதுக்குத்தான் வரும். மறுநாள் காலை ரயிலில் என் மனைவி என்னை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் வேணுமாம்."

"எவ்ளோ வேணும்?" என்றார் அவர், கடைக்காரர் மாதிரி.

"ஒரு வாக்கியம் போதுங்க மேடம்" என்று நான் சொன்னதும், பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சூடானது. ஆனால் நகரவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல கேளுங்க அண்ணா, பார்ப்போம்" என்றார்.

"யூ ரிப்பேர் ஃபேன்."

"ஐயோ! இது மேஸ்திரி கத்தற மாதிரி இருக்கு."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவும் ஷிப்மென்ட் அவசரத்தில் கத்திக் கேட்டதுதான். ஸ்டாப், கட், ரிஜெக்ட், அர்ஜென்ட். அதில் எதையும் மரியாதையாகச் சொல்ல முடியாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

"பிரியாணிக் கடையில தொட்டுக்கற கத்தரிக்கா தீந்துட்டா எப்படிக் கேப்பீங்க? 'கத்தரிக்கா கொடு'ன்னா?"

"இல்ல. 'இன்னும் கொஞ்சம் கத்தரிக்கா கிடைக்குமா பாய்'னு கேப்பேன்."

"அவ்வளவுதான். கொடுக்கறவரைப் பத்திப் பேச்சே இல்ல, கத்தரிக்காயைப் பத்தி மட்டும்தான். அதே மாதிரி, 'குட் தி ஃபேன் பி ரிப்பேர்ட், ப்ளீஸ்?' ஃபேன் சரிசெய்யப்படுமான்னு அர்த்தம். யாரு ரிப்பேர் பண்ணலை, யாரு பண்ணணும், ஒண்ணும் சொல்ல வேணாம். 'கேன்'னு கூட ஆரம்பிக்கலாம். 'குட்'னா இன்னும் கொஞ்சம் தணிஞ்ச குரல்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதில் நானும் இல்லை, மேனேஜரும் இல்லை, பையரும் இல்லை. என்னைப் போல் கூச்சப்படுகிற யாரோ ஒருத்தர் யோசித்து வைத்த மாதிரி இருந்தது. ரயிலில் சொன்னேன். மெஷின் சத்தத்துக்குள் சொன்னேன். குளிக்கும்போது சொன்னேன். "தூக்கத்துலயும் சொல்றீங்க" என்றாள் மனைவி.

அந்த நாள் வந்தது. தரை கழுவியாகிவிட்டது. டப்பாக்கள் குடோனுக்குப் போய்விட்டன. மேனேஜரோடு உள்ளே வந்தது வெள்ளைக்கார அம்மா ஒருவர். நான் சொல்லிச் சொல்லிப் பழகியது "சார்" சேர்த்து. "மேடம்" என்று மாற்ற வேண்டும் என்று நினைத்ததுமே வாக்கியம் முழுவதும் கலைந்துபோனது. அவர் என் பக்கத்தில் நின்று, சீவிய தோலைத் தடவிப் பார்த்து, சிரித்துவிட்டு நகர்ந்தார். என் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மாஸ்க்குக்கு மேலே என் மனைவியின் கண் மட்டும் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, கையில் இருந்த தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேச மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாள் என்று தோன்றியது. மெஷினை நிறுத்தினேன். அந்தச் சத்தம் நின்றதும் ஹாலில் பாதிப் பேர் நிமிர்ந்தார்கள். நடந்துபோய் அந்த அம்மாவுக்கு முன்னால் நின்றேன். மேனேஜர் முகத்தைப் பார்க்காமல், கையைச் சுவர் பக்கம் காட்டி, "மேடம், குட் தி ஃபேன் பி ரிப்பேர்ட், ப்ளீஸ்?" என்றேன்.

அவர் நிமிர்ந்து அட்டை அடைத்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மளமளவென்று ஏதோ கேட்டார்.

ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கேட்பதற்கு மட்டும்தான் பழகியிருந்தேன். பதிலுக்குக் கேள்வி வரும் என்று நாங்கள் யாருமே நினைக்கவில்லை. திரும்பி மெஷினுக்குப் போய்விடலாம் என்று கால் சொன்னது. போகவில்லை. என்னிடம் இருந்த ஒரே வாக்கியத்தை மறுபடியும் சொன்னேன். அவர் மறுபடி ஏதோ கேட்டார். நானும் மறுபடி அதையே சொன்னேன். மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். தீர்ந்தது என்று நினைத்தேன்.

"எத்தனை நாளா ஓடலைன்னு கேக்கறாங்க. சொல்லுப்பா" என்றார்.

"ரம்ஜானுக்கு முன்னாடியிலிருந்து சார்."

அவர் இதை மாற்றிச் சொல்லிவிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் அவர் பேசிய இங்கிலீஷில் "ரம்ஜான்" என்று தெளிவாகக் கேட்டது. அடுத்து, "எதுக்கு வேணும்னு கேக்கறாங்க" என்றார். நான் சொல்வதற்குள் என் மனைவி எழுந்து நின்று, "நான் மயங்கி விழுந்தேன் சார். சொல்யூஷன் வாடை" என்றாள். மேனேஜர் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். அதையும் சொன்னார். "சொல்யூஷன்" என்ற வார்த்தையும் கேட்டது. அந்த அம்மா மேனேஜரிடம் மெதுவாக ஏதோ சொல்ல, அவர் தலையாட்டினார்.

மறுநாளே எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்துவிட்டார். அட்டையைப் பிய்த்ததும் மேஜை மேல் வெயில் விழுந்தது. புது மோட்டார் ஓடத் தொடங்கியபோது பெண்கள் கை தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மனைவி கேட் அருகே காத்து நின்றாள்.

"இன்னாப்பா, என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன் சார். தமிழ்ல கேட்டேன்."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவர் மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார்.

"யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

"வாயில வந்துச்சு சார்."

"உன் வாயிலயா!" என்று சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தணித்து, "நீ என்னை மாட்டி விட்டிருக்கலாம். விடலை. அதான் நானும் உள்ளதைச் சொன்னேன். போய்ட்டு வா. வீட்ல அவங்க உடம்பைப் பாத்துக்கோ" என்றார்.

கேட் அருகே வந்ததும் மனைவி, "வேலை இருக்கா, போச்சா?" என்றாள். "இருக்கு" என்றேன். ரயில் வரும் நேரமாகிவிட்டதால் ஸ்டேஷனுக்கு ஓடினோம்.

அதன் பிறகு பல வருஷம் அவள் அதே மேஜையில் வேலை பார்த்தாள். எனக்குக் கூச்சம் போய்விடவில்லை. இன்றைக்கும் ரேஷன் கடையிலோ பேங்கிலோ கேட்க வேண்டியதைக் கேட்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எதிரே இருப்பவர் திருப்பி ஏதாவது கேட்டுவிட்டால் இன்னும் மோசம். அப்போதெல்லாம் அந்த ஹாலில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றது ஞாபகம் வரும். நியாயமானதை மரியாதையாகக் கேட்டுவிட்டு இடத்தை விட்டு நகராமல் நின்றால், நாம் பயந்துகொண்டிருந்த ஆளே நமக்காக வாயைத் திறக்கலாம் என்ற தைரியத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பேன்.