நாலரைக்கு முன்பே வீடு வந்துவிட்டோம்

என் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று, துர்காபூரிலிருந்து அவளைக் காரில் அழைத்து வந்தவன் நான்தான். எழுபதுகளின் நடுவில், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வழியில் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பேச வராது. எழுதிப் பார்க்கிறேன்.

எங்களுக்குக் கல்கத்தா பவானிபூரில் மளிகைக் கடை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் நான் கடையில் உட்கார்ந்துவிட்டேன். தங்கை என்னைவிட நன்றாகப் படித்தவள். துர்காபூரில் அத்தை வீட்டில் தங்கி, ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளியில் டீச்சராக இருந்தாள். மாப்பிள்ளைக்கு ரூர்கேலாவில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அப்பா சரி என்றுவிட்டார். அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பொண்ணப் பாக்கலைன்னா அவங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. சாயங்காலமே ரயில் அவங்களுக்கு. பாத்துக் கூட்டிட்டு வா," என்றார் அப்பா. வாடிக்கைக்காரர் ஒருவரிடம் அம்பாசடர் காரையும் டிரைவரையும் கேட்டு வாங்கி, முதல் நாளே என்னை அனுப்பினார். டிரைவர் வயதான வங்காளி.

பத்து மணிக்குக் கிளம்பினோம். பானாகரில் ரோட்டின் இரண்டு பக்கமும் பழைய ராணுவச் சாமான் விற்கும் கடைகள். ஒரு டீக்கடைக்காரன் விமானத்தின் வால் பகுதியைக் கொண்டுவந்து கடைக்குக் கூரையாக்கியிருந்தான்.

"அண்ணே, நிறுத்தச் சொல்லேன். ஏரோப்ளேன்ல டீ குடிச்சேன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லணும்."

நிறுத்தினோம். டீயை அவள் ஊதி ஊதி மெதுவாகக் குடித்தாள்.

பர்த்வான் வருவதற்குள் இன்னொரு நிறுத்தம். காவி கட்டிய ஒருவன் ஐந்து கால் காளையை மரத்தடியில் நிறுத்தியிருந்தான். ஐந்தாவது கால் தோளிலிருந்து தொங்கியது.

"தொட்டுப் பாருங்க தீதி, தையல் கையில தட்டுப்படும்," என்று டிரைவர் வங்காளத்தில் சொல்லிச் சிரித்தார்.

அவள் தொடவில்லை. காளை எந்த ஊர், எத்தனை வயசு, தாய்க்கு எத்தனை கால் என்று காவிக்காரனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவனே சலித்துப்போய் பீடி பற்றவைத்துக்கொண்டான்.

சக்திகரில் லேங்சா கடைகள். நீளமாகப் பொரித்துப் பாகில் ஊறவைத்த இனிப்பு அது. ஒரு கடையில் முழங்கை நீளத்துக்கு ஒன்று செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். "அது பாக்க மட்டும்தான் தீதி. என்னைவிட வயசு கூட," என்றார் டிரைவர். தங்கை சின்னதாக ஒன்று தின்று, இன்னொன்றும் கேட்டாள். இனிப்பு அவளுக்குப் பிடிக்காது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மேமாரியில் உருளைக்கிழங்குக் கிடங்கின் வாசலில் ஒரு சிமென்ட் ஒட்டகச்சிவிங்கி நின்றது. சீசன் இல்லாததால் கிடங்கு காலி. வேலையில்லாத காவலாளி காலண்டர் படத்தைப் பார்த்துச் செய்ததாம். சிமென்ட் தீர்ந்துபோய் கழுத்து குட்டையாகிவிட்டது. அவள் சிலையைச் சுற்றி வந்தாள். பிறகு என்னைக் கேட்காமல், காவலாளியிடம் மணி கேட்டாள்.

"ரெண்டேகால்."

அவள் உதடு மெல்ல அசைந்தது. கணக்குப் போடுகிறாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரிடமாவது மணி கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு மணி நேரம். இன்னும் ஒரு இடத்தில் நின்றால் நாலரை தாண்டிவிடும். எனக்குப் புரிந்தது. புரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள்.

பாண்டுவா தாண்டி ஒரு வீடு. மாடியைக் கப்பல் போலவே கட்டியிருந்தார்கள். புகைபோக்கி, வட்ட ஜன்னல்கள், மேல்தளத்தில் காயும் புடவைகள்.

"அண்ணே, இது ஒண்ணு மட்டும்."

டிரைவர் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அதுவரை எந்த விஷயத்திலும் யாரும் என் வார்த்தைக்காகக் காத்திருந்ததில்லை. மாடியிலிருந்து தெருவைப் பார்த்தபடி நிற்கும் அப்பாவின் முகம் மனதில் வந்தது.

"நேரா போங்க," என்றேன்.

 கங்கையின் மேல் பாலி பாலத்தில் போகும்போது அவள் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டாள். நாலு இருபதுக்கு வீட்டு வாசலில் இருந்தோம். அப்பா என் தோளைத் தட்டினார். வைகாசியில் கல்யாணம்.

சில வருடம் கழித்து, கடைக்குக் குங்குமம் வாங்க வந்த புரோகிதர் சுவரில் இருந்த, ஊரிலிருந்து வரவழைத்த தமிழ்க் காலண்டரைப் பார்த்துச் சிரித்தார். "ராகு காலம் சூரிய அஸ்தமனத்தை வச்சுன்னா கணக்கு. கல்கத்தாவுல சீக்கிரமே இருட்டிடறது. தை மாசத்துல நாலு மணிக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும். நீங்கள்லாம் மெட்ராஸ் நேரத்தைப் பாத்துண்டு உக்காந்திருக்கேள்."

அப்படியானால் நாங்கள் வாசலில் இறங்கும்போதே நேரம் தப்பிவிட்டிருந்தது. அவள் நினைத்தது நடந்திருந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும்தான். அப்பாவிடம் சொன்னேன். "போடா, அதெல்லாம் இங்க யாரு பாக்கா," என்றார்.

தங்கை வீட்டுக்காரர் நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. இரண்டு பிள்ளைகள். ஒருமுறை ரூர்கேலா போயிருந்தபோது, அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றபடி அவள் கேட்டாள்.

"அன்னிக்கு வழியில உனக்குத் தெரிஞ்சுதாண்ணே?"

"எது?" என்றேன்.

எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவள் கரண்டியால் குழம்பை ஒரு தடவை கிளறினாள்.

"ஒண்ணுமில்ல. சோறு போடவா?"

போடச் சொன்னேன்.